கோழி அடையும் நேரம்

மக்ரிப் நேரத்தை எங்கள் மாமி அவர்கள் ‘கோழி அடையும் நேரம்’ என்றுதான் சொல்லுவார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். ஆயினும் பொழுது சாய்ந்தது என்பதற்குச் சுவரில் ஓடும் முள்ளைவிடக் கொல்லையில் நடமாடும் கோழியையே அவர்கள் பெரிதும் நம்பினார்கள். மேயப் போன கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, கூண்டின் வாசலில் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்து, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டால், “பொழுது அடைஞ்சிருச்சு, ஒளுச் செய்யுங்க” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். சற்று நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும். நான் மருமகளாக அவ்வீட்டுக்குள் நுழைந்த 1989ஆம் ஆண்டிலிருந்து பத்தாண்டுக் காலம் இந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை.

பிசகிய ஆண்டு ஒன்று வந்தது. 1999ஆம் ஆண்டு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ரமளான் பிறந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில் பெருநாள் வந்தது. சமவெளியில் வாழும் சகோதரிகளுக்கு இந்தத் தேதிகளில் விசேடம் எதுவும் தோன்றாது. நாங்கள் வாழ்ந்ததோ உதகமண்டலத்தில், அதிலும் காந்தல் பகுதியில். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில், ஆண்டிலேயே கடுங்குளிரான முப்பது நாட்களும் நோன்பின் முப்பது நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

ஊட்டியின் குளிரை மே மாதத்தில் வந்து பார்த்தவர்கள் அது இதமானது என்று எண்ணிப் போவார்கள். டிசம்பர், ஜனவரியின் உறைபனி வேறு. வானம் மேகமின்றித் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றுவிடும் இரவில்தான் அது விழும். பூமியின் சூடு தடையின்றி வானை நோக்கிப் போய்விட, குளிர்ந்து கனத்த காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். காந்தல் அப்படிப்பட்ட பள்ளம். காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். முந்தைய நாள் பச்சையாக நின்ற உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியது போலக் கருகிக் கிடக்கும். துணி துவைக்கும் கல்லின் மேல் தேங்கிய நீர் கண்ணாடித் தகடாகியிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் ஆண்டு இதைப் பார்க்கையில் வியப்பாக இருந்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து வேலையாக இருந்தது.

என் பிறந்த வீட்டிலும் கோழிகள் உண்டு. அங்கே பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைப்பார்கள். அகப்படாதது முருங்கை மரத்தில் ஏறி உறங்கும். யாரும் கவலைப்பட்டதில்லை. மலையில் அப்படி விட முடியாது.

மாமியின் பழைய கூண்டு மரப்பலகையால் ஆனது. நான்கு கால்களின் மேல் இடுப்பு உயரத்தில், அடுக்களையின் பின்சுவரோடு ஒட்டி நின்றது. சுவரின் மறுபக்கம் விறகடுப்பு. பகலெல்லாம் எரிந்த அடுப்பின் சூட்டை அந்தச் சுவர் நெடுநேரம் வைத்திருக்கும். இரவு பத்து மணிக்குக் கைவைத்துப் பார்த்தாலும் வெதுவெதுப்பு தெரியும். மாமாவின் காலத்தில் செய்த கூண்டு. 1999ஆம் ஆண்டு கோடையில் அதன் அடிப்பலகை மக்கிப் போய், ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

என் கணவர் மலைக்காய்கறியை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் தொழில் செய்து வந்தார். அவ்வாண்டு கேரட்டுக்கு நல்ல விலை கிடைத்தது. கையில் பணம் சேர்ந்ததும் தம் தாயாருக்காக இரண்டு காரியங்களைச் செய்தார். வீட்டின் முன்புறத்தில் சிமெண்டுத் தரை போட்டு மாமிக்கென்று தனி அறை ஒன்றைக் கட்டினார். கொல்லையின் கடைசியில் தகரத்தால் புதிய கோழிக்கூண்டு ஒன்றைச் செய்வித்தார். ‘வெல்டிங்’ செய்யும் பையன் ஒருவனே இரண்டுக்கும் வேலை செய்தான். கூண்டு பார்க்க அழகாகவே இருந்தது. பச்சை வர்ணம், தாழ்ப்பாள், நான்கு பக்கமும் இடைவெளியில்லாத தகடு. “இனி ஒரு சொட்டுக் குளிர்காற்று உள்ளே போகாது” என்று அவர் பெருமையோடு சொன்னார். பழைய கூண்டைப் பிரித்து விறகாக்கினோம்.

அறையில் மாமி உறங்கவில்லை. “பிறகு போறேன்” என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் அடுக்களையிலுள்ள மரப்பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார்கள். கூண்டில் கோழிகளும் உறங்கவில்லை. மழைக்காலம் வரை நாங்கள் இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கூண்டு நின்ற இடத்துக்கு நேர் மேலே ஒரு பேரிக்காய் மரம் இருந்தது. புதுக்கூண்டுக்குப் போக மறுத்த கோழிகள், பழைய இடத்திற்கே திரும்பி வந்து, அங்கே கூண்டைக் காணாமல், பக்கத்துச் சுவரில் தாவி, அங்கிருந்து மரத்தில் ஏறின. கோழிக்கு நினைவிருப்பது கூண்டல்ல, இடம். நேற்று எங்கே உறங்கியதோ அங்கேயே இன்றும் போகும். இதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. இலை அடர்ந்திருந்த மாதங்களில் மரமே கூரையாக இருந்தது. குளிர்காலத்தில் பேரி இலையை உதிர்த்துவிடும். ரமளான் பிறை கண்ட அன்று அந்த மரம் வெறும் குச்சிகளாக நின்றது. அதன்மேல் ஒன்பது நாட்டுக்கோழி, இரண்டு வெள்ளை லெகார்ன், ஒரு சேவல் ஆகப் பன்னிரண்டு உயிர்கள், உறைபனி விழும் திறந்த வானத்தின் கீழ், இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

நோன்பு வீட்டில் மக்ரிபுக்கு முந்தைய அரைமணி நேரம் எப்படியிருக்கும் என்பதை இந்த இதழின் வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி இறக்க வேண்டும், வடை எடுக்க வேண்டும், பள்ளிவாசலுக்குப் பாத்திரம் அனுப்ப வேண்டும், பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்க வேண்டும். கோழியும் சரியாக அதே அரைமணி நேரத்தில்தான் அடையும். முன்பு அதற்கு ஆள் தேவைப்படவில்லை. தாழ்ப்பாள் போட ஒரு கை போதும். இப்போதோ ஒவ்வொரு மாலையும் மாமி ஒரு நீண்ட கம்பும் டார்ச் விளக்குமாகக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். வயது அறுபத்தெட்டு. ஒரு கண்ணில் புரை. மரத்தடியில் நின்று “பா... பா... பா...” என்று கெஞ்சுவார்கள். பாங்கு சொன்னதும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொள்வார்கள். நான்காம் நோன்பு வரை நாங்கள் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து நோன்பு திறக்கவேயில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு கோழிகளுக்காக ஒரு குடும்பமே ரமளானில் அல்லல்பட வேண்டுமா, விற்றுவிட்டால் என்ன என்று கணவரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அது அம்மாவோட பித்ரா காசு” என்றார்.

எனக்கு அதுவரை அது தெரியாது. முட்டை விற்ற காசை மாமி ஓர் ஓவல்டின் டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாமா மௌத்தான ஆண்டிலிருந்து ஒவ்வொரு ரமளானிலும் தம் தலைக்கான பித்ராவை அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். மகன் கொடுக்க முன்வந்தபோது, “உன் வீட்டுக்கு நீ கொடு, என் தலைக்கு நான் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்களாம். கோழிகள் மரத்தில் உறங்கத் தொடங்கியதிலிருந்து முட்டை குறைந்துவிட்டது. குளிரில் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கோழிக்குத் தீனி செலவாகும். அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ், நம்மைவிட 4 பாகை அதிகம். இட்ட ஒன்றிரண்டு முட்டைகளும் வேலிப் புதரில் எங்கோ கிடந்து வீணாயின.

ஐந்தாம் நோன்பிலிருந்து நானும் போனேன். ஒரு விஷயத்தைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் இருக்கும்போது விரட்டினால் கோழி இன்னும் உயரத்துக்குத் தாவும். நன்றாக இருட்டிய பின் அதற்குக் கண் தெரியாது, அசையாமல் இருக்கும். அப்போது ஏணி வைத்து, இறக்கைகளைச் சேர்த்து இரு கைகளாலும் அணைத்து எடுத்தால் முனகலோடு வந்துவிடும். எனவே மக்ரிப் தொழுதுவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு, நிதானமாகப் போய் ஒவ்வொன்றாக இறக்கிக் கூண்டில் விட்டோம். நோன்பு திறப்பது ஒழுங்காயிற்று. ஆனால் மறுநாள் மாலை அதே பன்னிரண்டும் அதே மரத்தில். ஒரு வாரம் தூக்கித் தூக்கிப் போட்டும் ஒன்றுகூடத் தானாக உள்ளே போகவில்லை. அறிவில்லாத ஜென்மங்கள் என்று திட்டினேன்.

கணவர் தாம் செய்வித்த கூண்டை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே இன்னும் சூடாக்கினால் போகும் என்று கணக்குப் போட்டு, கரி நிறைத்த கணப்புச் சட்டி ஒன்றைக் கூண்டுக்குள் வைக்கப் போனார். மாமி ஓடிவந்து மறித்தார்கள். “மூடின இடத்தில் கரி வைக்காதே” என்று அவர்கள் கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. குளிருக்காகக் கதவு, சன்னல் அனைத்தையும் அடைத்துக் கரியடுப்போடு உறங்கி, விடியுமுன் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி மலைப்பகுதிகளில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நச்சுப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனிதருக்கே அப்படியென்றால் கோழி எம்மாத்திரம்? சுற்றுலாவாக மலைக்கு வருபவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நோன்பு இரவு, பக்கத்து வீட்டில் பெண்கள் கூடித் தராவீஹ் தொழுதுகொண்டிருந்தோம். அன்று சோம்பல்பட்டு, தொழுது வந்து கோழிகளை இறக்கலாம் என்று விட்டுவிட்டேன். மாமிக்குச் சளி, வெளியே போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது கொல்லையில் ஒரே அலறல். டார்ச் வெளிச்சத்தில் மரக்கிளையிலிருந்து மதிலுக்குத் தாவியோடிய நீண்ட வாலை மட்டும் பார்த்தேன். மரநாய். மரம் ஏறும் பிராணிக்கு மரத்தில் உறங்கும் கோழி வாயருகே வைத்த உணவுதான். தரையில் வெள்ளை இறகுகள் சிதறிக் கிடந்தன. லெகார்னில் ஒன்று போயிற்று. மாமி வாசற்படியில் நின்று ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள். என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாள் பகலில், உள்ளுக்குள் உறுத்தல் தாங்காமல், கூண்டைச் சுத்தம் செய்யப் போனேன். என் மூத்த மகளுக்கு அப்போது எட்டு வயது. எனக்கு முன்பாகவே அவள் தவழ்ந்து கூண்டுக்குள் போய்விட்டாள். போன வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “கண்ணு எரியுதும்மா. தலையில தண்ணி சொட்டுது” என்றாள். மழையில்லாத நாளில் தண்ணீர் ஏது என்று நான் தலையை உள்ளே விட்டேன்.

அதற்குமுன் ஒரு தடவைகூட நான் அந்தக் கூண்டுக்குள் தலையை விட்டதில்லை. கதவைத் திறந்து, கோழியைத் தள்ளி, தாழ்ப்பாள் போட்டதோடு சரி.

உள்ளே எச்சத்தின் காரம் மூக்கைத் துளைத்தது. நாம் நின்றபடி முகர்ந்தால் தெரியாது. கோழியின் தலை இருக்கும் உயரத்தில்தான் அது தேங்கி நிற்கும். ‘ஒரு சொட்டுக் குளிர்காற்றும் போகாத’ கூண்டிலிருந்து கெட்ட காற்றும் போகவில்லை. இரவெல்லாம் கோழிகள் விட்ட மூச்சின் ஈரம் வெளியேற வழியின்றி, வானத்தைப் பார்த்துச் சில்லிட்டுப் போன தகரக் கூரையில் பட்டு, நீராகி, அவற்றின் முதுகிலேயே சொட்டியிருக்கிறது. காய்ந்த இறகோடு இருக்கும் கோழி ஊட்டிக் குளிரைத் தாங்கிவிடும். நனைந்த இறகுக்கு அந்தச் சக்தி இல்லை. சேவலின் கொண்டை நுனி கறுத்திருந்ததற்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது. கொண்டையில் இறகில்லை, அதில் ஈரமும் பட்டு, குளிரும் பட்டால் சதை செத்துவிடும். லெகார்னைப் போலப் பெரிய கொண்டை உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

எல்லாவற்றையும்விட என்னை வெட்கப்பட வைத்தது அவை உட்காரும் கழி. வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாயைத்தான் அந்தப் பையன் குறுக்கே பற்றவைத்திருந்தான். அதைக் கையால் பிடித்தேன். பகல் பதினொரு மணிக்கே அது ஐஸாக இருந்தது. கோழி உறங்கும்போது விரல்கள் தாமாக மடங்கிக் கழியைப் பற்றிக்கொள்ளும். தூக்கத்தில் விழாமல் இருக்க இறைவன் செய்த ஏற்பாடு அது. அந்தப் பிடியோடு இரவெல்லாம் அந்த இரும்பின் மேல் இருக்கச் சொல்லித்தான் நாங்கள் ஒரு வாரமாகத் தூக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். மரக்கிளையில் குளிர்தான், ஆனால் அது மரம்.

அன்று அஸர் தொழுதபின் கணவரை அழைத்துவந்து அவர் தலையையும் உள்ளே விடச் செய்தேன். அவர் வெளியே வந்து, தும்மி, கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தை எடுத்து வந்தார்.

செய்த மாற்றங்கள் இவைதாம். கூரைக்குச் சற்றுக் கீழே, காற்று அடிக்காத பக்கத்தில், ஒரு சாண் அகலத்துக்குத் தகட்டை வெட்டிக் கம்பிவலை அடித்தோம். ஈரமும் காரமும் மேலே போய்விடும், உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் காற்று படாது. தகரத்தின் அடியில் பழப்பெட்டிப் பலகைகளை வரிசையாக அடித்தோம், சொட்டுவது நின்றது. இரும்புக் குழாயை அறுத்தெறிந்துவிட்டு, இரண்டங்குல அகலமுள்ள கற்பூர மரச் சட்டங்கள் இரண்டை, அகலப் பக்கம் மேலே இருக்க, ஓரங்களை மழுக்கிப் பொருத்தினோம். தட்டையான சட்டத்தில் உட்கார்ந்தால் கோழி தன் வயிற்று இறகால் கால்விரல்களை மூடிக்கொள்ளும். இரண்டு சட்டங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று மாமி சொன்னார்கள். ஒன்று உயர்ந்திருந்தால் அதற்காக இரவெல்லாம் சண்டை நடக்குமாம். முட்டையிடும் பெட்டி சட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரத்தை விரும்பும் கோழி அதில் ஏறி உறங்கி அதைப் பாழாக்கும். தரையில் மரக்கடையிலிருந்து கொண்டுவந்த இழைப்புச் சீவலை அரையடிக்குப் பரப்பினோம்.

எங்கள் கூண்டில் செள் இல்லை. பழைய மரக்கூண்டு வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துவிட வேண்டும். பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வந்து இரத்தம் குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சி அது. இருட்டிய பின் ஒரு வெள்ளைத் துணியால் கழியின் அடியில் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை தெரிந்தால் கோழி உள்ளே வராததற்குக் காரணம் அதுதான்.

கூண்டு சரியாயிற்று என்பது கோழிக்குத் தெரிய வேண்டுமே! பன்னிரண்டாம் நோன்பு இரவு பதினொன்றையும் உள்ளே விட்டு, ஐந்து நாட்கள் வெளியே விடாமல் அடைத்து வைத்தோம். தீனியும் தண்ணீரும் உள்ளேயே. இதுதான் உன் வீடு என்று அதன் மனத்தில் பதிய அத்தனை நாட்கள் வேண்டும். மாமிக்கு இது பொறுக்கவில்லை. “நோன்பு நமக்குத்தானே, அதுகளுக்கு எதுக்கு இஃதிகாஃப்?” என்று சொல்லிவிட்டுத் தாமே சிரித்துவிட்டார்கள். கூண்டின் வாசல் கிழக்குப் பார்த்தது. மாலையில் உள்ளே சீக்கிரம் இருண்டுவிடும். கண் தெரியாத இருட்டுக்குள் கோழி நுழையாது. எனவே சில நாட்களுக்கு வலைக்கு வெளியே ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டோம். சீவல் பரப்பிய கூண்டுக்குள் விளக்கு வைக்கவே கூடாது.

பதினெட்டாம் நோன்பு அன்று மதியம் திறந்துவிட்டோம். மாலைத் தீனியை மக்ரிபுக்கு வைத்துக்கொள்ளாமல் அஸருக்கே கொண்டுவந்ததுதான் அடுக்களைக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. அஸர் தொழுதவுடன் உடைத்த மக்காச்சோளத்தை டப்பாவில் போட்டுக் குலுக்கியபடி மாமி கூண்டுக்குப் போய், உள்ளே தூவுவார்கள். இரைப்பை நிறையத் தானியத்தோடு உறங்கும் கோழிக்கு அது செரிக்கும் சூடே இரவெல்லாம் துணை. முதல் நாள் ஏழு உள்ளே போயின, நான்கு மரத்தில். அவற்றை இருட்டியபின் இறக்கினோம். இரண்டாம் நாள் மூன்று. பிறகு இரண்டு நாட்கள் சேவல் மட்டும் மரத்தில் இருந்தது.

இதற்கிடையில் ஒரு நாள் பஜ்ருக்குப் பிறகு மாமியின் புதிய அறையைப் பெருக்கப் போனேன். யாரும் உறங்காத அறையாதலால் வாரம் ஒரு முறைதான் பெருக்குவது. சிமெண்டுத் தரை பாதத்தைக் கடித்தது. என்ன தோன்றியதோ, விளக்குமாற்றை வைத்துவிட்டு அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். இரும்புக் கட்டில். அதே பையன் செய்தது. மெத்தையின் விளிம்பில் கை பட்ட இடத்தில் சில்லென்று ஏறியது. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி. முகத்துக்கு நேராகக் காற்று. அடுக்களையில் மகள் யாரையோ கூப்பிடுகிறாள் என்பது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை. எத்தனை முறை நான் மாமியிடம், “உங்க பிள்ளை ஆசையாகக் கட்டின அறை, பிடிவாதம் பிடிக்கிறீங்களே” என்று சொல்லியிருக்கிறேன்! அவர்கள் ஒரு தடவைகூட அறையைக் குறை சொன்னதில்லை. மகன் மனம் நோகும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே அடுக்களையை ஒட்டியிருந்த சாமான் அறையை ஒழித்தோம். உருளைக்கிழங்கு மூட்டைகள் முன்னறைக்குப் போயின. குளிர்ந்த, இருட்டான இடம் அவற்றுக்கு மிகவும் ஒத்துக்கொண்டது. சாமான் அறையில் மரக்கட்டில் போட்டு, தரையில் பழைய கம்பளம் விரித்து, மாமியின் பெட்டியையும் தொழுகைப் பாயையும் கொண்டுவந்து வைத்தோம். அடுப்புச் சுவரின் மறுகோடி அந்த அறைக்குள்தான் வந்து முடிகிறது. ஏன் என்று மாமி கேட்கவில்லை. சுவரில் கைவைத்துப் பார்த்தார்கள். அன்றிரவு சஹருக்கு அவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. வழக்கமாக எங்கள் எல்லோரையும் எழுப்புபவர்கள் அவர்கள்தாம்.

முட்டை உடனே பெருகிவிடவில்லை. ஒழுங்காக உறங்கத் தொடங்கிய பின்னும் பத்து நாட்கள் ஆயின. இருபத்தேழாம் நோன்பன்று மாமி ஓவல்டின் டப்பாவைக் கவிழ்த்து எண்ணியபோது பித்ராவுக்குச் சற்றுக் குறைந்தது. கணவர் சட்டைப்பையில் கைவிட்டதை நான் கண்ணால் தடுத்தேன். அடுத்த இரண்டு நாட்களில் பெட்டியிலிருந்து எடுத்த முட்டைகளை, பெருநாள் பலகாரத்துக்கென்று, கடை விலைக்கே நான் வாங்கிக்கொண்டேன். மாமி ஒரு முட்டைக்கும் விலை குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெருநாள் பிறை பார்க்கும் மாலை வந்தது. வானம் தெளிவாக இருந்ததால் தெருவே மேட்டில் ஏறி நின்றது. நானும் பிள்ளைகளோடு போய்விட்டேன். மாமி கையில் ஒட்டிய மாவோடு அடுக்களையில் இருந்தார்கள். பிறை தெரிந்து, ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொண்டு இறங்கி வரும்போதுதான் எனக்குக் கோழி நினைவு வந்தது. அஸருக்குத் தீனி தூவியதோடு சரி. யாரும் போய்ப் பார்க்கவில்லை. பத்தாம் நோன்பு இரவின் வெள்ளை இறகுகள் கண்முன் வர, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலில் மரத்தின் மேல் அடித்தேன். வெறுங்கிளைகள். நெஞ்சு அடைத்தது. கூண்டின் கதவு நான் மதியம் விட்டபடியே விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அடித்தேன். இரண்டு சட்டங்களிலும் தோளோடு தோள் நெருக்கி, தலையை இறகுக்குள் புதைத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தன. கறுத்த கொண்டையோடு சேவல் ஓரத்தில் இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஒன்று மட்டும் கண்ணைத் திறந்து, முனகி, மீண்டும் மூடிக்கொண்டது.

“அடைஞ்சிருச்சா?” என்று அடுக்களையிலிருந்து மாமி கேட்டார்கள்.

எண்ணினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

“பதினொண்ணும் இருக்கு மாமி” என்றேன்.